ஆறாம் குழியில் முளைத்த பயறு

அவருடைய பெயர் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இரண்டு வருடம், தினமும் காலை ஏழு மணிக்கு, அந்தப் பெயரை உரக்கக் கூப்பிட்டு ஆஜர் போட்டவன் நான்தான். ஆனாலும் அதை இங்கே எழுதப் போவதில்லை. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். சொல்லாமல் நழுவிவிடக்கூடிய ஆள் நான் என்பதால் இப்போதே வாக்குக் கொடுத்துவிடுகிறேன்.

எழுபதுகளில், பாலக்காட்டுப் பக்கம் ஒரு நகரசபையின் எருக்கிடங்கில் எனக்கு மேற்பார்வையாளர் வேலை. எந்த நகரசபை என்பது வேண்டாம். எலப்புள்ளியில் எங்கள் வீட்டில் யாராவது கேட்டால் "நகரசபையில இருக்கான்" என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொள்வார்கள். எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது. குப்பை என்ற சொல் அந்தப் பேச்சில் வந்துவிடக் கூடாது அல்லவா.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. அங்கே எரு வேலை பார்த்த அந்த அம்மாளுக்கு என் அம்மா வயது இருக்கும். நான் அவரை "நீ, வா, போ" என்பேன். அவர் என்னை "நீங்க, சார்" என்பார். அன்றைக்கு அது இரண்டு பேருக்குமே உறுத்தவில்லை. இப்போது "அவர்" என்று எழுதும்போது, நாற்பது வருடம் தாமதமாக மரியாதை கொடுக்கிற என் கையைப் பார்த்து எனக்கே சிரிப்பாக இருக்கிறது.

அவரை நினைத்தால் முதலில் கால்தான் ஞாபகம் வரும். சின்ன ஆள், குட்டையான கழுத்து, தலையில் எப்போதும் ஒரு பழைய துண்டு. பாதம் மட்டும் அந்த உடம்புக்குப் பொருந்தாமல் அகலமாக, விரல்கள் விரிந்து இருக்கும். நகரசபையில் எல்லோருக்கும் ரப்பர் செருப்புக் கொடுத்திருந்தார்கள். அவர் அதை ஒரு பையில் போட்டுத் தகரக் கொட்டகையில் மாட்டி வைத்திருந்தார். வீட்டுக்குப் போகும்போது எடுத்துப் போட்டுக்கொள்வார்.

"வேலை செய்யறப்பப் போடத்தானே குடுத்திருக்கு? தெருவுல நடக்கறதுக்கா குடுத்தாங்க?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"செருப்புப் போட்டா காலு பொய் சொல்லுமுங்க சார்" என்றார்.

அது என்ன பேச்சு என்று புரிய எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. கிடங்கில் எட்டுக் குழிகள். ஊர்க் குப்பை காலையில் வண்டி வண்டியாக வரும். அதை அடுக்கடுக்காகக் குழியில் போட்டு, மண்ணால் மூடி, மாதக்கணக்கில் விட்டால் உள்ளே வெந்து மட்கும். பிறகு வெளியே எடுத்துச் சல்லடையில் சலித்து, தரையில் பாய் விரித்ததுபோலப் பரப்புவோம். மற்ற இடங்களில் அதோடு சரி, வண்டியில் ஏற்றிவிடுவார்கள். எங்கள் கிடங்கில் அப்படி இல்லை. பரப்பிய எருவின் மேல் அவர் ஒரு கை கொள்ளு தூவுவார். உள்ளே சூடு ஆறாமல் இருந்தால் கொள்ளு அவிந்துபோகும். முளைத்துப் பச்சை தெரிந்தால் எரு ஆயிற்று என்று அர்த்தம். அதற்கப்புறம் அந்த எரு முழுவதையும், ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை, வெறும் காலால் மிதித்து நடப்பார். அவசரமில்லாமல் நடப்பார். எங்காவது நின்று குனிந்தால் கையில் ஒரு கண்ணாடிச் சில்லோ ஆணியோ வரும். நடந்து முடித்து, வரப்பில் காலைத் தட்டிவிட்டு, "ஏத்திக்கலாமுங்க" என்பார். அந்த ஒரு சொல்லுக்காக வண்டிகள் காத்து நிற்கும்.

"நாத்து நடறவளுக்குச் சேத்துக்குள்ள என்ன கெடக்குதுன்னு எப்புடித் தெரியுமுங்க? அவ மிதிக்கறதுக்கு முந்தி நான் மிதிச்சர்றேன். அவ்வளவுதான்" என்றார் ஒரு முறை. அவருடைய குணம் மொத்தமும் இந்த இரண்டு வாக்கியம்தான். மற்றதெல்லாம் இதற்குள் அடக்கம்.

ஒரு தடவை ஒரு பெரிய பண்ணைக்காரர் நாலு வண்டி பூட்டிக்கொண்டு வந்துவிட்டார். கொள்ளு இன்னும் முளைக்கவில்லை. "வயலுக்குப் போயி ஆறிக்கும், ஏத்து" என்று அதட்டினார். நான் எழுந்து நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் நேராகப் போய் எருவின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"ஏத்தறதுன்னா என்னையும் சேத்து ஏத்திக்குங்க."

பண்ணைக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெறும் வண்டிகளைத் திருப்பிக்கொண்டு போனவர், அடுத்த வாரம் பச்சை பார்த்த பிறகு வந்து ஏற்றிப் போனார். அதற்கப்புறம் எங்கள் பக்கத்துக் குடியானவர்கள் யாரும் குழி எண்ணைக் கேட்பதில்லை. "அந்தம்மா மிதிச்சாச்சா?" என்று மட்டும்தான் கேட்பார்கள்.

குப்பையை வைத்தே எந்தத் தெரு, எந்த வீடு என்று சொல்லுவார். "இந்தூட்ல யாருக்கோ ரொம்ப நாளா ஒடம்புக்கு முடியலீங்க, அதே மருந்து பாட்டில் வாரம் தப்பாம வருது" என்பார். சொல்வதோடு விடமாட்டார். விடுமுறை நாளில் கோயில் தெருவுக்குப் போய், வீடு வீடாக நின்று, உடைந்த கண்ணாடியைத் தனியாக ஒரு தேங்காய்ச் சிரட்டையில் போட்டுக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். மறுநாள் அந்தத் தெரு மாமி ஒருத்தர் நகரசபைக்கே வந்துவிட்டார்.

"நன்னா இருக்கே! குப்பை கொட்டறதுக்கும் இவகிட்டே பாடம் படிச்சுக்கணுமா? வாசல்ல நின்னுண்டு என்னையே கேள்வி கேக்கறா."

நான் மாமியைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு, அந்த அம்மாளைக் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி திட்டினேன். தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். எல்லாம் முடிந்த பிறகு, "நீங்க வெய்யறது சரிதானுங்க. ஆனா இன்னைக்கு அந்த மாமியூட்டுக் கண்ணாடி சிரட்டையில தனியா வந்துருச்சுங்க" என்றார். எனக்குக் கோபப்படவும் முடியவில்லை.

இப்படிப்பட்டவருக்கு நான் செய்ததை இனித் தள்ளிப்போட முடியாது.

அந்த வருடம் வைகாசித் தொடக்கத்தில் அவர் பதினைந்து நாள் லீவு கேட்டார். மகளைச் சித்திரபுரத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். மருமகனுக்குத் தேயிலைத் தோட்டத்தில் வேலை. "என்ற மகளுக்குத் தலப் பேறுங்க. மலையில பாத்துக்க ஆளில்லீங்க" என்றார். சரி என்றேன். போவதற்கு முன் என்னை ஒவ்வொரு குழியாக அழைத்துக்கொண்டு போய்க் காட்டினார். ஆறாம் குழிக்கு வந்ததும் நின்றார்.

"இதை மட்டும் தொட்டுறாதீங்க சார். மருந்துக்கடைத் தெருக் குப்பை பூராவும் இதுலதான் விழுந்திருக்குது. ஊசி மருந்துக் குப்பி நெறையக் கெடக்குதுங்க. இன்னும் வேகவும் இல்லை. நான் வந்து சலிச்சுத் தாரேன்."

"சரி, போயிட்டு வா" என்றேன். காதில் விழவில்லை என்று சொல்லக்கூட எனக்கு வழியில்லை.

அவர் போய் நாலைந்து நாளில் என் அண்ணன் கிடங்குக்கு வந்தார். எலப்புள்ளியில் வயலைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். அதுவரை கிடங்குப் பக்கமே எட்டிப் பார்த்ததில்லை. முதல் முறையாகத் தம்பியிடம் ஒன்று கேட்டு வந்து நின்றார்.

"டேய், இந்த வருசம் எடவப்பாதி மழை முந்திக்கும்போல இருக்குது. மழை புடிச்சா வண்டி வயல்ல எறங்காது. எருவே போடாம நடச் சொல்றயா? நீ இங்க பெரிய ஆளுன்னு அம்மா சொல்லிக்கிட்டுத் திரியறாங்க. ரண்டு வண்டி குடு பாக்கலாம்."

பக்குவமான எரு ஒன்றும் கையில் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மை. ஆனால் அண்ணன் என்னைப் பெரிய ஆள் என்று சொல்லி நான் கேட்டதே கிடையாது. "நாலு நாள் கழிச்சு வாங்கண்ணா" என்றேன்.

தினக்கூலிக்கு இருந்த இரண்டு பேரை விட்டு ஆறாம் குழியைத் தோண்டிப் பரப்பச் சொன்னேன். சலிக்க ஒரு வாரம் ஆகும் என்று சலிக்கவில்லை. காலை வைத்தால் சுட்டது. இதில் கொள்ளு போட்டால் அவிந்துபோகும் என்று எனக்குத் தெரியாதா? அதனால் மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் நல்ல மண்ணாக நாலு கூடை கொண்டுவந்து மேலே மெல்லியதாகத் தூவினேன். வீட்டில் அம்மா ஊறவைத்திருந்த பாசிப்பயறை டிபன் பாக்ஸில் கொண்டுவந்திருந்தேன். அதைத் தெளித்துத் தண்ணீர் விட்டேன். கொள்ளு கிடைக்கவில்லை, பச்சை பச்சைதானே என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கிடங்கில் நான் என் கையால் செய்த ஒரே வேலை அதுதான்.

மூன்றாம் நாள் பச்சை தெரிந்தது. அண்ணன் வந்தார், முளையைப் பார்த்தார், சந்தோஷமாக ஏற்றிப் போனார். போகிற வழியில் நாலு பேரிடம் சொல்லியும் விட்டார். மறுநாள் இன்னும் மூன்று குடியானவர்கள் வண்டியோடு வந்தார்கள். "அந்தம்மா மிதிச்சாச்சா?" என்று ஒருவர் கேட்டார். "பச்சை தெரியுதுல்ல?" என்றேன். அவர் கேட்டதற்கு அது பதிலே இல்லை. ஆனாலும் அவருக்குப் போதுமாக இருந்தது. ஆறாம் குழி எரு இரண்டே நாளில் காலி.

அந்த அம்மாள் சொன்ன நாளுக்கு ஒரு நாள் முன்பாகவே திரும்பி வந்தார். பேரன் பிறந்திருந்தான். எனக்கென்று தோட்டத்துத் தேயிலைத் தூள் ஒரு பொட்டலம் கொண்டுவந்திருந்தார். அதை என் மேஜைமேல் வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிப் பையில் போட்டு மாட்டிவிட்டு, குழிகளைப் பார்க்கப் போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். இரண்டு விரலுக்கு நடுவில் ஒரு முளை இருந்தது. வெறும் தரையின் ஓரத்தில் ஒன்றிரண்டு தப்பி நின்றிருக்க வேண்டும்.

"சார், இது பாசிப்பயறுங்க. நான் போடறது கொள்ளு."

"நான்தான் போட்டுப் பாத்தேன். மொளச்சுது, குடுத்துட்டேன்."

"மிதிச்சுப் பாத்தீங்களா?"

என் காலில் ஷூ இருந்தது. அவர் அதைப் பார்த்தார். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன். அவர், "யார் யார் ஏத்தீட்டுப் போனாங்க?" என்று மட்டும் கேட்டார். நாலு பேரையும் சொன்னேன். அப்போதே கிளம்பிவிட்டார். பஸ்ஸுக்குக்கூட நிற்கவில்லை.

அடுத்து நடந்தது எனக்குப் பலர் சொல்லிக் கேட்டதுதான். மழை பிடித்துவிட்டது. வயல்களில் எருவைப் போட்டு உழுது தண்ணீர் கட்டியிருந்தார்கள். அவர் ஒவ்வொரு வயலாகப் போய், "ரண்டு நாளு நடவ நிறுத்துங்க சாமி, நான் பாத்துக் குடுத்தர்றேன்" என்று கெஞ்சியிருக்கிறார். முதல் மூன்று பேர் ஒப்புக்கொண்டார்கள். மூன்று வயல்களையும் முழங்கால் சேற்றில், அடி அடியாக, காலால் துழாவி நடந்திருக்கிறார். எடுத்த கண்ணாடியைத் துண்டில் முடிந்துகொண்டே போனாராம். நாலாவது வயல் எங்களுடையது. எரு முதலில் ஏற்றிப் போனவர் அண்ணன்தானே, நடவிலும் அவர்தான் முந்தினார். அந்த அம்மாள் அங்கே போய்ச் சேர்ந்தபோது வரப்பில் ஒரு பெண் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எங்கள் வீட்டு நடவு ஆள், வள்ளியக்கா.

காலில் ஏறியது ஊசி மருந்துக் குப்பியின் உடைந்த கழுத்து. முதலில் மஞ்சளை வைத்துக் கட்டினார்கள். புண் பழுத்து, ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கிடந்து, இரண்டு விரல்களை எடுத்த பிறகுதான் உயிருக்குப் பயமில்லை என்றார்கள். வள்ளியக்காவுக்கு அப்போது முப்பது வயதுகூட இருக்காது. அதற்கப்புறம் அவர் நடவுக்கு இறங்கவில்லை.

வள்ளியக்காவின் புருஷனும் ஏழெட்டுக் குடியானவர்களும் கிடங்குக்கு வந்தார்கள். ஹெல்த் இன்ஸ்பெக்டரும் வந்துவிட்டார். தகரக் கொட்டகைக்கு முன்னால் எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம். ஆறாம் குழி எருவை ஏற்றலாம் என்று சொன்னது யார் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை. பேச வேண்டியவர் பேசட்டும் என்று காத்திருந்தார், அவ்வளவுதான். நன்றாகவே நேரம் கொடுத்தார். தினக்கூலிக்காரர்கள் இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்கள். வருகிற ஆவணியில் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வேலை போனால் பெண் கிடையாது. வள்ளியக்காவின் கால் போனது என்னால் என்று தெரிந்தால் வீட்டில் முகம் கிடையாது. இதையெல்லாம் ஒரு நிமிடத்தில் நினைத்துப் பார்த்துவிட்டு நான் சும்மா நின்றேன்.

"நாந்தானுங்க" என்றார் அவர். "ஊருக்குப் போற அவசரத்துல சரியா மிதிக்காம ஏத்தலாம்னு சொல்லிப் போட்டேன்."

"நானும் அதையேதான் நெனச்சேன்" என்றார் ஒரு குடியானவர். "தப்புத் தெரியப் போயித்தான் வயல்ல வந்து தொழாவிக்கிட்டுக் கெடந்திருக்கா."

அவர் மூன்று நாள் சேற்றில் நடந்ததே அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. வள்ளியக்காவின் புருஷன் காறித் துப்பினார். அது அந்த அம்மாளின் கால் பக்கத்தில் விழுந்தது. அவர் காலை நகர்த்திக்கொள்ளவில்லை.

எல்லோரும் போன பிறகு நான் அவரிடம் போனேன். "ஏன் அப்படிச் சொன்னே?" என்று கேட்டேன். கேட்பதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்காதீர்கள். கேட்டேன்.

"ஆபீசே பொய் சொல்லுச்சுன்னு தெரிஞ்சா இனி ஒரு வண்டி வராதுங்க சார். ஊருக் குப்பை பூராவும் ஆத்துலதான் போயி விழுகும். கெழவிக்குக் கண்ணு மங்கிருச்சுன்னா, வேற ஆளப் போட்டு வேலைய நடத்திக்குவாங்க. கெடங்கு நிக்குமுங்க."

அந்த ஒரு கணக்கு அவருக்குத் தப்பாகிவிட்டது. குடியானவர்கள் நகரசபையை நம்பியா வந்துகொண்டிருந்தார்கள்? அவருடைய காலை நம்பி வந்துகொண்டிருந்தார்கள். அதுவே பொய்த்துவிட்டது என்று ஆனதும் வண்டிகள் வருவது குறைந்து, அடுத்த போகத்தோடு அடியோடு நின்றுபோனது. வாங்க ஆளில்லாத எருவை எதற்குச் சலிக்க வேண்டும் என்று சலிப்பதை நிறுத்தினோம். பிறகு பிரிப்பதை நிறுத்தினோம். எட்டுக் குழிகளும் நிரம்பி, மேடாகி, கடைசியில் வருகிற வண்டியெல்லாம் ஆற்றங்கரையில் கவிழ்க்க ஆரம்பித்தது. கவிழ்க்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டதும் நான்தான்.

அவரைத் தெருக் கூட்டும் வேலைக்கு மாற்றினார்கள். கடைவீதியில் எப்போதாவது எதிரே வருவார். அங்கேயும் பார்த்திருக்கிறேன், கூட்டின குப்பையிலிருந்து கண்ணாடியைப் பொறுக்கித் தனியாக ஒரு சிரட்டையில் வைத்துக்கொண்டிருப்பார். அந்தச் சிரட்டையும் குப்பையும் ஒரே வண்டியில் ஏறி ஒரே ஆற்றங்கரையில் விழும் என்று அவருக்குத் தெரியாது. ஒரு நாள் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"ஏனுங்க சார், கெடங்கு நல்லா நடக்குதுங்களா? இப்ப ஆரு மிதிக்கறாங்க?"

"நல்லா நடக்குது. புதுசா ஒரு அம்மா வந்திருக்காங்க" என்றேன்.

"செருப்புப் போட வேண்டாம்னு சொல்லுங்க" என்றார். முகம் மலர்ந்திருந்தது. நான் செய்த எல்லாவற்றிலும் என்னைத் தூங்கவிடாமல் செய்வது இந்தப் பொய்தான். மற்றதாவது பயத்தில் செய்தது.

ஆவணியில் எனக்குக் கல்யாணம் நடந்தது. பின்னாளில் மாற்றலாகிப் பெரிய நகரம் ஒன்றுக்குப் போனேன். அங்கே குப்பை மலையாகவே நின்றது. அதை என்ன செய்வது என்று மாதம் ஒரு கூட்டம் போடுவார்கள். வீட்டிலேயே பிரித்து வாங்க வேண்டும் என்று யாரோ புதிதாகக் கண்டுபிடித்ததைப் போல ஒரு அதிகாரி பேசினார். எரு பக்குவமாகிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேள்வி வந்தபோது, கொள்ளு தூவிப் பார்க்கலாம் என்று நான் சொன்னேன். அதிகாரிக்கு ஒரே ஆச்சரியம். இதை எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டார். "அனுபவம்தான் சார்" என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

அவர் இறந்துபோன செய்தி எனக்கு வெகு தாமதமாகத்தான் வந்தது. மகளோடு சித்திரபுரத்திலேயே கடைசிக் காலத்தைக் கழித்தார் என்று கேள்வி.

போன தைப்பொங்கலுக்கு எலப்புள்ளிக்குப் போயிருந்தேன். அண்ணனுக்கு வயதாகிவிட்டது. வள்ளியக்கா இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறார். நடவுக்குப் போக முடியாமல் ஆனதிலிருந்து வீட்டு வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். எனக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, போகாமல் எதிரே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"தம்பி, உங்களை ஒண்ணு கேக்கோணும்னு ரொம்ப நாளா நெனச்சுக்கிட்டிருக்கறேன். அன்னைக்கு உங்க கெடங்குல ஒரு பொம்பளை இருந்தாளே, சரியாப் பாக்காம எருவ அனுப்பிப் போட்டான்னு. அவ பேரென்னங்க?"

"எதுக்குக்கா இப்ப?"

"எத்தனையோ வருசம் அவளை வெஞ்சு தீத்துட்டனுங்க. காலு குத்தறப்பல்லாம் சாபம் உட்டிருக்கறேன். இனி எத்தனை நாளைக்கு இருக்கப் போறேன்? கோயல்ல அவ பேரச் சொல்லி, நான் மனசுல ஒண்ணும் வெச்சுக்கலைன்னு சொல்லிப்போட்டு வந்தரலாம்னு பாக்கறேன். பேரு தெரியாம எப்படிச் சொல்றதுங்க?"

பெயர் என் நாக்கு நுனியில் நின்றது. சொன்னால், செய்யாத தப்புக்கு அந்த அம்மாளுக்கு மன்னிப்புக் கிடைத்துவிடும். கோயிலில் சொல்ல வேண்டிய பெயர் வேறு, அது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த என் பெயர்தான். அதைச் சொல்ல ஒரு வார்த்தை போதும். சுவரைப் பிடித்தபடி வள்ளியக்கா காத்துக்கொண்டிருந்தார். கிடங்கில் அன்றைக்கு ஒருவர் காத்திருந்த மாதிரியே, நன்றாக நேரம் கொடுத்துக் காத்திருந்தார்.

"மறந்து போச்சுக்கா" என்றேன். வள்ளியக்காவிடம் மறந்துவிட்டது என்று சொன்ன பெயரை உங்களிடம் மட்டும் எப்படி எழுதுவேன்?

"அதுவுஞ் சரி, எத்தனை வருசமாச்சு" என்றார். நான் காப்பியைக் குடித்து முடித்து டம்ளரை நீட்டினேன். அதை வாங்கிக்கொண்டு, காலைச் சாய்த்துச் சாய்த்து உள்ளே போனார்.